விரைந்தோடும் ஓடையில் தங்கம் அரித்தல்: முதன்முறை டிரெட்ஜ் இறக்குவோருக்கான வழிகாட்டி

வீட்டில் அரிசியைக் கல் அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு, ஓடையில் தங்கம் எப்படிப் படிகிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாத்திரத்தைச் சாய்த்து மெல்ல ஆட்டும்போது அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கனமான கல் அடியிலேயே தங்கிவிடும். கோவையில் நகைப் பட்டறைகள் நிறைந்த தெருக்களின் சாக்கடை மண்ணை அள்ளி அலசிப் பொன் துகள் எடுப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான். மலையிலிருந்து இறங்கும் ஓடை இதைப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. தங்கம் தண்ணீரைப் போல 19.3 மடங்கு அடர்த்தி கொண்டது. ஓடை மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் 2.65 மடங்குதான். ஆகவே நீரின் வேகம் தளரும் இடத்தில் முதலில் கீழே விழுவது தங்கம். மணலும் கூழாங்கல்லும் அதைத் தாண்டிப் போய்விடும்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் தானாகவே விளங்கும். தங்கம் தேடிப் புதிதாக வருபவர்கள் ஓடையின் நடுவே வெள்ளை நுரையோடு பாயும் இடத்தைப் பார்த்து, அங்கேதான் பெரிய பொருள் கிடக்கும் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் அவ்வளவு வேகமாகப் போகும் இடத்தில் தங்கம் தங்குவது அரிது. மனிதன் நின்று வேலை செய்யவும் முடியாது. தங்கம் இறங்கும் இடமும் நீங்கள் ஓரளவு பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடமும் பெரும்பாலும் ஒன்றே. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதும், அதைத் தாண்டி ஆசைப்படாமல் இருப்பதும்தான் முதல் ஆண்டில் நீங்கள் கற்க வேண்டிய தொழில்.

நான் எழுதுவது அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில், ஹோப் என்ற சிற்றூரை ஒட்டிக் கடலில் கலக்கும் ரிசரெக்‌ஷன் கிரீக்கை மனத்தில் வைத்து. ஆங்கரேஜிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். 1896-இல் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கிய பள்ளத்தாக்கு அது. பனி உருகி வரும் தண்ணீர், செங்குத்தான சரிவு, உருண்டைப் பாறைகள் நிறைந்த படுகை ஆகிய மூன்றும் சேர்ந்த ஓடை எங்கிருந்தாலும் இங்கே சொல்லும் முறைகள் பொருந்தும்.

அனுமதி

டிரெட்ஜை, அதாவது ஓடைப் படுகையின் சரளையை உறிஞ்சித் தங்கத்தைப் பிரிக்கும் மிதவை இயந்திரத்தை, வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். அலாஸ்காவில் தங்கம் கிடைக்கும் ஓடைகளில் பல, யாரோ ஒருவர் உரிமை பதிவு செய்த நிலமாக இருக்கும். அங்கே அனுமதியின்றி ஒரு தட்டு மண்ணை அள்ளுவதுகூடத் திருட்டுதான். மாநில இயற்கை வளத் துறையின் வரைபடத்தில் உரிமை எல்லைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஓடை ஓடும் சுகாச் தேசிய வனத்தில் பொதுமக்கள் பொழுதுபோக்காக அரிப்பதற்கென்று விடப்பட்ட பகுதிகள் உண்டு. அங்கே தட்டும் மண்வெட்டியும் கொண்டு அரிப்பதற்கு ஒரு விதி. இயந்திர டிரெட்ஜுக்கு வேறு விதி. உறிஞ்சு குழாயின் விட்டம் 4 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. மே 15 முதல் ஜூலை 15 வரையே இறக்கலாம். மாநில மீன்வளத் துறையின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். கோடையின் பிற்பகுதியில் சால்மன் மீன்கள் சரளைக்குள் முட்டையிட வருவதாலேயே இந்தக் கால வரம்பு. அந்தச் சரளையை உறிஞ்சினால் ஒரு தலைமுறை மீனையே உறிஞ்சியதாகிவிடும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் வன அலுவலகத்தில் நேரில் கேட்டு, அவ்வாண்டின் விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காணொளிகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்: கலிபோர்னியாவில் 2009 முதல் டிரெட்ஜ் வேலை நிறுத்திவைக்கப்பட்டது; ஓரிகனில் 2018 முதல் சால்மன் வாழும் முக்கிய ஓடைகளில் இயந்திரம் இறக்கத் தடை வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரையை எந்த நிலையிலும் தோண்டக்கூடாது. தண்ணீர் ஓடும் படுகையில் மட்டுமே வேலை. கரையைக் குடைந்தால் மேலிருக்கும் மரமும் மண்ணும் உங்கள் தலையில்தான் விழும். சட்டமும் அதைத் தடுக்கிறது.

இயந்திரமில்லாமல் ஒரு நாள்

முதல் நாள் டிரெட்ஜை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மண்வெட்டி, ஒரு தட்டு, ஓர் அளவுகோல், கைக்கடிகாரம் ஆகியவை போதும்.

வேலை செய்ய நினைக்கும் இடத்திலிருந்து முதலில் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கமாக 300 மீட்டராவது நடந்து பாருங்கள். எல்லாரும் மேல்பக்கம் தங்கத்தைத் தேடி நடப்பார்கள்; உங்கள் கால் வழுக்கினால் நீங்கள் போகப்போவது கீழ்ப்பக்கம். அங்கே என்ன இருக்கிறது? ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் மரம் இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். விழுந்த மரம் ஒரு வடிகட்டி போன்றது. தண்ணீர் கிளைகளுக்கிடையே புகுந்து போய்விடும், மனித உடல் போகாது. பின்னாலிருந்து தள்ளும் நீரின் அழுத்தம் உடலைக் கிளைகளோடு அணைத்து வைத்துவிடும்; எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அதிலிருந்து தானே விடுபடுவது மிகக் கடினம். நல்ல இடம் என்பது, கீழே தண்ணீர் அகன்று ஆழம் குறைந்து, சரளைத் திட்டு ஒன்றின்மீது நீங்களாக ஒதுங்கக்கூடிய இடம்.

அடுத்து வேகத்தை அளந்துகொள்ளுங்கள். கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு கற்களை அடையாளம் வையுங்கள். ஒரு குச்சியை மேலே போட்டு, அது அந்த 10 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 10 விநாடி என்றால் விநாடிக்கு 1 மீட்டர் வேகம். அமெரிக்காவில் ஆறுகளின் நீரளவை எடுப்பவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு: ஆழத்தை அடியிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கினால் 10-ஐத் தாண்டும் இடத்தில் இறங்கக்கூடாது. மீட்டரில் இது ஏறத்தாழ 0.9. ஆனால் அவர்கள் நிமிர்ந்து நடப்பவர்கள். நீங்கள் குனிந்து, கையில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு, காலடியிலிருக்கும் தரையையே உறிஞ்சிக்கொண்டிருப்பவர். ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்லும் எல்லை 0.5. விநாடிக்கு 1 மீட்டர் வேகமுள்ள இடத்தில் 45 சென்டிமீட்டர் ஆழம் என்றால் இறங்கலாம். 60 சென்டிமீட்டர் என்றால் வேண்டாம். வேகம் இரட்டிப்பானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்; பார்வைக்குச் சற்றே வேகம் கூடியதுபோலத் தெரியும் தண்ணீர், உடலுக்கு முற்றிலும் வேறு தண்ணீர்.

பிறகு தங்கம். ஓடை வளையும் இடத்தில் வெளிவளைவில் தண்ணீர் விரையும், உள்வளைவில் தளரும். உள்வளைவின் மேல்முனையில் தட்டுப் போட்டுப் பாருங்கள். பெரிய பாறாங்கல்லின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் திரும்பிச் சுழலும் நிழலிடம் இன்னொன்று. குறுகிய பள்ளத்திலிருந்து ஓடை திடீரென அகலும் இடம் மூன்றாவது. வெள்ளக் காலத்தில் தங்கம் ஓர் உள்வளைவிலிருந்து அடுத்த உள்வளைவுக்கு மிகக் குறுகிய வழியில் நகர்கிறது. அந்த வழியைக் கற்பனையில் ஒரு கோடாக இழுத்துப் பார்த்தால் எங்கே தேடுவது என்பது தெளிவாகும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து தட்டாவது அரித்து, எத்தனை துகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தட்டில் ஒன்றும் காட்டாத இடம் இயந்திரத்திலும் காட்டாது.

கடைசியாக, கரையோரத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, நீர்மட்டத்தில் கத்தியால் கோடு கிழித்து வையுங்கள். பனியும் பனியாறும் உருகி வரும் ஓடைகள் விடியற்காலையில் தாழ்ந்தும், வெயிலடித்த நாளில் பிற்பகலுக்குப் பிறகு உயர்ந்தும் ஓடும். காலை ஏழு மணிக்கு நீங்கள் கடந்துபோன துறை மாலை ஐந்து மணிக்குக் கடக்க முடியாததாகிவிடும். எனவே வண்டி நிற்கும் கரையிலேயே வேலை செய்யுங்கள்.

கருவியும் உடையும்

டிரெட்ஜின் அளவு என்பது அதன் உறிஞ்சு குழாயின் விட்டம். மிதவைகளின்மேல் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின், ஒரு பம்பு, ஒரு ஸ்லூஸ் பெட்டி ஆகியவை இருக்கும். பம்பு தூய நீரை இழுத்து, அழுத்தத்தோடு ஒரு குறுகிய வாய் வழியாக உறிஞ்சு குழாய்க்குள் பாய்ச்சுகிறது. அந்தப் பாய்ச்சல் உண்டாக்கும் உறிஞ்சல், படுகையிலிருக்கும் சரளையையும் மணலையும் மேலே இழுத்து ஸ்லூஸ் பெட்டியில் கொட்டுகிறது. அங்கே குறுக்குத் தடுப்புகளுக்குப் பின்னால் கனமானவை விரிப்பில் படிய, மற்றவை பின்பக்கமாக ஓடையிலேயே விழுந்துவிடும். சரளை பம்பு வழியாகப் போவதில்லை. போனால் பம்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

முதல் ஆண்டில் 2 அல்லது 2½ அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். 4 அங்குல இயந்திரம் அதிக மண்ணை இழுக்கும் என்பது உண்மையே. அது அதே வேகத்தில் ஆழமான குழியையும் உண்டாக்கும், அந்தக் குழிக்குள் நிற்கப்போவது நீங்கள். கரையிலிருந்து குழாய்வழிக் காற்றை இழுத்து நீருக்கடியில் மூச்சுவிட்டு வேலை செய்யும் முறையும் புதியவர்களுக்கு உகந்ததன்று. நீருக்கடியில் அழுத்தமுள்ள காற்றை உள்ளிழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரல் கிழியலாம். முறையான முக்குளிப்புப் பயிற்சியும் சான்றிதழும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். முழங்கால் முதல் தொடை வரை ஆழமுள்ள நீரில், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் கொண்டு குனிந்து பார்த்து வேலை செய்தாலே முதல் பருவம் முழுவதற்கும் போதுமான இடம் கிடைக்கும்.

உடையில் சிக்கனம் பார்க்காதீர்கள். தண்ணீர் அங்கே நடுக்கோடையிலும் எலும்பைத் துளைக்கும் குளிர். உடல் சூட்டைக் காக்கும் 7 மில்லிமீட்டர் ரப்பர் உடையோ (வெட்சூட்), நீர் உள்ளே புகாத முழு உடையோ (டிரைசூட்) வேண்டும். மீன்பிடிப்பவர்கள் அணியும் மார்பளவு ரப்பர் உடை ஓடும் நீரில் உதவாது. விழுந்தால் அதற்குள் தண்ணீர் நிறைந்து எழவே விடாது. கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ், தலைக்கவசம், தடித்த கையுறை, மேற்கை அசைவைத் தடுக்காத மிதவைச் சட்டை, சட்டையின் மார்பில் ஒரு விசில், ஒரு கையால் உருவக்கூடிய கத்தி ஆகியவை கட்டாயம். எடைக்கச்சை கட்டாதீர்கள். ஆழத்தில் முக்குளிப்பவர்கள் அதைக் கட்டுகிறார்கள் என்பதற்காக, தொடையளவு நீரில் நிற்பவர் ஈயத்தைச் சுமக்கத் தேவையில்லை.

குளிரைப் பற்றி ஓர் எண்வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1, 10, 1. குளிர்நீரில் விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். அந்த நேரத்தில் வாயைத் தண்ணீருக்கு மேலே வைப்பது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், கரையேறுவதென்றால் அதற்குள். 1 மணி நேரம் கழிந்தால் நினைவு தப்பும். வெட்சூட் இந்த நேரத்தை நீட்டிக்கும், ஆனால் ஒழித்துவிடாது. 40 நிமிடம் வேலை, 20 நிமிடம் கரையில் வெந்நீரோ தேநீரோ என்பது எங்கள் வழக்கம். விரலால் மிதவைச் சட்டையின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை என்றால், அன்றைய வேலை முடிந்தது.

தனியாகப் போகாதீர்கள்

இருவர் இல்லாமல் எஞ்சினை முடுக்கக்கூடாது. மூவர் இருந்தால் நல்லது. ஒருவர் தண்ணீரில் இருக்கும்போது மற்றவர் கரையில், அவருக்குச் சில மீட்டர் கீழ்ப்பக்கத்தில், கையில் எறிகயிற்றுப் பையோடு நிற்க வேண்டும். 15 முதல் 20 மீட்டர் வரை நீளமுள்ள மிதக்கும் கயிறு அந்தப் பைக்குள் மடிந்திருக்கும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பையை எறிந்தால் கயிறு தானாக விரியும். இதை வீட்டுக்கருகில் புல்வெளியில் இருபது முறையாவது எறிந்து பழகுங்கள். கயிறு விழுந்தவரின் கையெட்டும் தொலைவில், அவர் தோளுக்கு மேலாகப் போய் விழ வேண்டும்.

எஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. ஒரு விசில் என்றால் பார், இரண்டு என்றால் எஞ்சினை நிறுத்து, மூன்று என்றால் ஆபத்து என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதே இரைச்சலில் கரடி வருவதும் கேட்காது. கரையிலிருப்பவர் முதுகுப் பக்கத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும், உணவை மூடிய பெட்டியில் தள்ளி வைக்க வேண்டும்.

கயிற்றை மனிதன் உடலில் கட்டவே கூடாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். இடுப்பில் கயிறு கட்டியவர் விழுந்தால், நீரோட்டம் அவரைக் கயிற்றின் முனையில் நிறுத்தி, தலையோடு அமுக்கிவிடும். கட்டாதவர் மிதந்து போய்க் கரை ஒதுங்குவார்.

டிரெட்ஜை நிறுத்துதல்

கயிறு இயந்திரத்துக்குத்தான். இரண்டு மிதவைகளின் முன்முனைகளிலிருந்தும் இரண்டு குட்டைக் கயிறுகளை எடுத்து முன்னால் ஒன்றாகச் சேர்த்தால், ஏர் பூட்டியதுபோல ஒரு கவை கிடைக்கும்; அதிலிருந்து ஒரே கயிறு மேல்பக்கமாக, நீங்கள் நிற்கும் அதே கரையிலுள்ள உயிருள்ள பெரிய மரத்துக்கோ அசையாத பாறைக்கோ போகட்டும். இன்னொரு கயிறு டிரெட்ஜின் பின்பகுதியிலிருந்து கரைக்கு. ஓடைக்குக் குறுக்கே எதிர்க்கரைக்குக் கயிறு இழுக்காதீர்கள். மேலிருந்து படகில் வருபவரின் கழுத்து உயரத்தில் அது இருக்கும். கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு செந்நிறத் துணியைக் கட்டுங்கள். மரத்தில் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருக்க வேண்டும். அவிழ்க்கும் முனை எங்கே தொங்குகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

டிரெட்ஜ் எங்கே மிதக்கிறது என்பதை இயந்திரத்தின் வசதியைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். அது நீரோட்டத்தில் உங்களுக்கு நேர் கீழ்ப்பக்கம் இருந்தால், நீங்கள் வழுக்கிய அடுத்த விநாடியில் மிதவைக்கும் கயிற்றுக்கும் இடையில் போய் மாட்டுவீர்கள். குழாயின் நீளம் அனுமதிக்கும் அளவுக்கு அதைக் கரைப் பக்கமாக ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு நேர் கீழே திறந்த தண்ணீர் மட்டுமே இருக்கட்டும்.

எஞ்சினை முடுக்குவதற்கு முன் பம்பில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வறண்டு ஓடினால் அதன் சீல் கருகிவிடும். பம்பின் உறிஞ்சு தலையை ஒரு துளையிட்ட வாளிக்குள் வைத்தால் மணல் ஏறாது. எரிபொருளைக் கரையில், எஞ்சின் ஆறிய பிறகு, கீழே எண்ணெய் உறிஞ்சும் விரிப்புப் போட்டு, புனல் வைத்து ஊற்றுங்கள்.

குழி

டிரெட்ஜ் வேலையில் தண்ணீரைவிட அதிகம் ஏமாற்றுவது கல். படுகையின் மேல்பரப்பில் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கின்றன. நீங்கள் உறிஞ்சுவது அவற்றின் பிடிமானத்தை. பெரிய கல்லைச் சுற்றியிருக்கும் சரளை போய்விட்டால், அது உருள்வதற்கு இருக்கும் ஒரே பள்ளம் நீங்கள் நிற்கும் குழிதான்.

என் இரண்டாவது கோடையில் இதை நேரில் கற்றேன். தொடையளவு குழியில், மேல்பக்கச் சுவரில் பாதி புதைந்திருந்த, தவலை அளவுள்ள ஒரு கல்லின் அடியில் கரும்மணல் கோடாகத் தெரிந்தது. கரும்மணல் தெரிந்தால் தங்கமும் அருகில் இருக்கும் என்ற ஆசையில், கல்லை அகற்றாமல் அதன் அடியிலேயே உறிஞ்சு முனையை நுழைத்தேன். சத்தம் எதுவும் இல்லை. கல் ஒரு சாண் நகர்ந்து என் இடது பூட்ஸின்மேல் உட்கார்ந்தது. வலி அவ்வளவாக இல்லை, காலை எடுக்கவும் முடியவில்லை. தண்ணீர் காலைத் தள்ளி என்னைச் சாய்க்கத் தொடங்கியது. கரையிலிருந்த நண்பர் எஞ்சினை நிறுத்திவிட்டு, கடப்பாறையோடு இறங்கி அந்தக் கல்லை நெம்பி எடுக்க நான்கு நிமிடங்கள் ஆயின. நான் தனியாக வந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆகவே முறை இதுதான். குழியைக் கிணறுபோலச் செங்குத்தாகத் தோண்டாமல், அகன்ற தாம்பாளம்போலச் சரிவாகத் தோண்டுங்கள். சுவரின் சரிவு 45 பாகையைத் தாண்டாமல் இருக்கட்டும். ஒவ்வோர் அடுக்கிலும் மிகப் பெரிய கல்லை முதலில் கையாலோ கடப்பாறையாலோ அகற்றி, உங்களுக்குப் பின்னால், நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில், குழியிலிருந்து நன்கு தள்ளிப் போடுங்கள், விளிம்பில் அடுக்காதீர்கள். அகற்ற முடியாத கல்லை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அந்தக் குழியை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள். அசையாவிட்டாலும் அதன் அடியைக் குடையாதீர்கள். கல்லுக்கும் சுவருக்கும் இடையில் கையையோ காலையோ விடாதீர்கள். வேலை எப்போதும் கீழிருந்து மேல்நோக்கி, நீரோட்டத்தை எதிர்த்து முன்னேற வேண்டும். கலங்கல் பின்னால் போய்விடும், முன்னால் தெளிவாகத் தெரியும். குழி இடுப்பளவைத் தொட்டால் நிறுத்திவிடுங்கள். அடிப்பாறை அதற்கும் கீழே இருந்தால் அது உங்களுக்கான இடமன்று. அடிப்பாறை தெரிந்துவிட்டாலோ அதன் வெடிப்புகளை அவசரமில்லாமல், ஒரு வளைந்த கம்பியால் சுரண்டிச் சுரண்டி உறிஞ்சுங்கள். தங்கத்தின் பெரும்பகுதி அந்த விரல்கனத்து வெடிப்புகளில்தான் இருக்கும்.

உறிஞ்சு முனையில் கல் அடைத்துக்கொள்வது நாளொன்றுக்குப் பத்து முறையாவது நடக்கும். முனையின் வாய் குழாயைவிடச் சற்றுக் குறுகலாக ஒரு வளையம் பொருத்தப்பட்டிருந்தால் பாதி அடைப்பு குறையும். மற்றதற்கு, எஞ்சின் வேகத்தைத் தணித்து, ஒரு நீண்ட கழியால் குத்தி எடுங்கள். உறிஞ்சிக்கொண்டிருக்கும் முனைக்குள் கையை விட்டால், கை உள்ளே இழுபட்டு அடுத்த கல் விரல்மேல் வந்து மோதும்.

எஞ்சின் புகை காற்றில்லாத குறுகிய பள்ளத்தில் தண்ணீர்மட்டத்திலேயே தேங்கும். தலைவலியோ குமட்டலோ வந்தால் அது களைப்பு என்று எண்ணாமல், உடனே நிறுத்திவிட்டு மேட்டுக்கு வாருங்கள்.

விழுந்தால்

விழுந்ததும் எழுந்து நிற்க முயலாதீர்கள். முழங்காலுக்கு மேலான ஓடும் நீரில் கால் ஊன்றினால், பாதம் இரண்டு கற்களுக்கிடையில் சிக்கும். உடலைத் தண்ணீர் முன்னால் தள்ளித் தலையை அமுக்கும். உறிஞ்சு குழாயை விட்டுவிடுங்கள். மல்லாந்து, கால்கள் கீழ்ப்பக்கம் நீட்டி, பாதங்கள் நீர்மட்டத்தில் தெரியும்படி மிதந்து, கைகளால் கரையை நோக்கித் துழாவுங்கள். எறிகயிறு வந்தால் அதைத் தோள்மேல் போட்டு, மார்போடு பிடித்து, மல்லாந்தபடியே இருங்கள். கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்தால் பின்பக்கம் தரைதட்டும் அளவுக்கு ஆழம் குறைந்த பிறகே எழுந்திருங்கள். விழுந்த மரம் எதிர்ப்பட்டுத் தப்பவே முடியாது என்ற நிலையில் மட்டும் இந்த முறை மாறும்: குப்புறத் திரும்பி, தலையை முன்வைத்து வேகமாக நீந்தி, மரத்தின்மேல் ஏறிவிட முயலுங்கள், அடியில் போகக்கூடாது.

மற்றவர் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். முதலில் குரல், பிறகு கழி, பிறகு எறிகயிறு.

தண்ணீர் உயர்வதற்கான அறிகுறிகளைக் கரையிலிருப்பவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குச்சிக்கோடு மூழ்குவது, தெளிந்த நீர் திடீரெனப் பழுப்பாவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓசை கனப்பது, அடியில் கல் உருளும் கடகடப்பு கேட்பது ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும் ஆள் வெளியே வர வேண்டும். மேலே மலையில் பெய்த மழை உங்கள் தலைமேல் பெய்திருக்காது. டிரெட்ஜைக் காப்பாற்ற நேரமில்லை என்றால் கயிற்றை அவிழ்த்து விட்டுவிடுங்கள்.

கழுவி எடுத்தல்

மாலையில் எஞ்சினை நிறுத்தி, ஸ்லூஸ் பெட்டியின் விரிப்பை ஒரு பெரிய வாளிக்குள் வைத்து உதறிக் கழுவுங்கள். எஞ்சியிருக்கும் கரும்மணலைச் சல்லடையில் சலித்து, சிறுசிறு அளவாகத் தட்டில் அரிக்க வேண்டும். காய்ந்த கரும்மணலில் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மேலே நகர்த்தினால் இரும்புத்தாது ஒட்டிக்கொண்டு விலகும். என் முதல் நாளின் பலன் ஏழு துகள்கள். ஒவ்வொன்றும் கடுகில் பாதி. தட்டின் விளிம்பில் வெயில் படும்போதும் நிழல் படும்போதும் நிறம் மாறாமல் மஞ்சளாகவே தெரிந்தால் அது தங்கம். சாய்க்கும்போது மின்னி மின்னி மறைந்தால் அபிரகமோ பைரைட்டோதான்.

பழைய சுரங்க வேலை நடந்த ஓடைகளில் வெள்ளி மணிகள்போலப் பாதரசமும், அது ஒட்டியதால் வெளுத்துப்போன தங்கமும் அகப்படலாம். அதை வெறுங்கையால் தொடாமல், அடுப்பில் சூடாக்காமல், தண்ணீர் ஊற்றிய கெட்டி மூடிப் பாட்டிலில் அடைத்து, அபாயகரமான கழிவுகளை வாங்கும் மையத்தில் ஒப்படையுங்கள். பாதரசத்தின் ஆவிக்கு மணமில்லை. ஒரே முறை சூடாக்கினாலும் வீட்டிலிருக்கும் குழந்தை வரை எல்லாரையும் தாக்கும்.

கிளம்பும் முன் குழிக்குத் திரும்பிப் போங்கள். பின்னால் போட்ட கற்களை உள்ளே தள்ளி, சரளையைப் பரப்பிச் சமமாக்குங்கள். மறுநாள் அந்த வழியே இறங்கிக் கடக்கும் ஒருவருக்கு அங்கே இடுப்பளவு பள்ளம் இருப்பது தெரியாது. பிறகு கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, எண்ணி, பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எத்தனை கட்டினீர்களோ அத்தனையும் மாலையில் பையில் இருக்க வேண்டும்.